லேப்டாப்பில் ஓடுகிற ஜாவா செயலி கிளவுடில் ஏன் செத்துப்போகிறது?

பிப்ரவரி 9, மாலை 6.15 (வாசகர் கேள்வி)

ஸ்பிரிங் பூட் என்ற ஜாவா சட்டகத்தில் எழுதிய செயலி. லேப்டாப்பில் ஒரு தொல்லையும் இல்லை. மேனேஜ்டு பிளாட்ஃபார்ம் ஒன்றில், அதாவது சர்வரைத் தளத்துக்காரர்களே பார்த்துக்கொள்ளும் கிளவுடில், 512 எம்பி மெமரி வரம்புள்ள கன்டெய்னரில் (செயலி தனியாக ஓடும் பெட்டியில்) போட்டேன். கொஞ்ச நேரம் நன்றாக ஓடும், அப்புறம் 137 என்று ஒரு எண்ணைக் காட்டி நின்றுவிடும், தானாகவே ரீஸ்டார்ட் ஆகும். லாகில் எக்ஸெப்ஷன் ஒன்றுகூட இல்லை. நான் வந்திருக்கும் முடிவு: இந்தத் தளங்கள் எல்லாம் நோடுக்கும் பைத்தானுக்கும் செய்தவை, ஜாவாவுக்குச் சொந்தமாக ஒரு விஎம் (மெய்நிகர் இயந்திரம்) எடுத்துக்கொள்வதுதான் சரி. மறுப்பவர்கள் காரணத்தோடு மறுக்கவும்.

பிப்ரவரி 9, இரவு 9.50

மறுக்கிறேன், ஆனால் முழுசாக இல்லை.

137 என்பது 128 கூட்டல் 9. 9 என்பது சிக்கில், அதாவது லினக்ஸின் மையமான கெர்னல் நேராக வந்து கழுத்தைப் பிடிக்கும் சிக்னல். அதைப் பிடித்து வைக்கவோ, "ஒரு நிமிஷம், லாக் எழுதிவிட்டு வருகிறேன்" என்று சொல்லவோ எந்த ப்ராசஸாலும் முடியாது. லாகில் ஒன்றும் இல்லாததற்குக் காரணம் அதுதான். ஹீப், அதாவது செயலியின் ஆப்ஜெக்ட்கள் உட்காரும் மெமரி, நிரம்பியிருந்தால் ஜாவாவை ஓட்டும் ஜேவிஎம்மே அவுட்ஆஃப்மெமரிஎரர் என்று கூச்சல் போட்டிருக்கும், ஸ்டாக் ட்ரேஸ் கிடைத்திருக்கும். உங்கள் செயலிக்கு ஹீப்பில் இடம் இருக்கிறது. கன்டெய்னரில்தான் இடம் இல்லை. இரண்டும் வேறு வேறு வியாதி, மருந்தும் வேறு. முதல் வகைக்கு ஹீப்பைக் கூட்ட வேண்டும், உங்கள் வகைக்குப் பெரும்பாலும் குறைக்க வேண்டும்.

எக்ஸ்எம்எக்ஸ், அதாவது ஹீப்பின் மேல்வரம்பு, எவ்வளவு வைத்திருக்கிறீர்கள் என்று சொல்லுங்கள். ஒன்றுமே வைக்காவிட்டால் ஜேவிஎம் தனக்குத் தெரியும் மெமரியில் கால் பங்கைத்தான் ஹீப்புக்கு மேல்வரம்பாக எடுக்கும், 512க்கு 128. அந்த அளவில் இவ்வளவு சீக்கிரம் 137 வராது. எனவே ஏதோ ஒரு எண்ணைக் கையால் போட்டிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன்.

பிப்ரவரி 10, காலை 7.30

கேள்வி கேட்டவர் 450 என்கிறார். "512இல் 450 போக 62 மிச்சம் இருக்கிறதே, போதாதா?" என்று கேட்கிறார்.

போதவே போதாது. ஹீப் என்பது வீட்டில் கூடம் மாதிரி. மனை முழுக்கக் கூடமாகவே கட்டிவிட்டு அடுப்படி எங்கே என்று தேடக் கூடாது. ஸ்பிரிங், ஹைபர்னேட், ஜாக்சன் என்ற லைப்ரரிகள் எல்லாம் சேர்ந்து பல ஆயிரம் கிளாஸ்களை ஏற்றும், அவை உட்காரும் இடம் மெட்டாஸ்பேஸ், அது ஹீப்புக்கு வெளியே. ஓடும்போதே இயந்திர மொழிக்கு மாற்றும் ஜேஐடி கம்பைல் செய்து வைக்கும் கோட் கேஷ், அதுவும் வெளியே. ஒவ்வொரு த்ரெட்டின் ஸ்டாக் (இணையாக ஓடும் ஒவ்வொரு வேலையின் தற்காலிகக் குறிப்பேடு), வேண்டாத ஆப்ஜெக்ட்களை அகற்றும் கார்பேஜ் கலெக்டர் தன் கணக்குக்கு வைத்துக்கொள்ளும் அட்டவணைகள், நெட்டி மாதிரி நெட்வொர்க் லைப்ரரிகள் பிடிக்கும் டைரக்ட் பஃபர், எல்லாமே வெளியே. நடுத்தர அளவுள்ள ஒரு ஸ்பிரிங் பூட் செயலிக்கு மெட்டாஸ்பேஸே 100 எம்பியை ஒட்டி வந்து நிற்பது சாதாரணம். உங்கள் 62 அதற்கே காணாது.

"கொஞ்ச நேரம் நன்றாக ஓடும்" என்றதற்கும் விடை இதில்தான் இருக்கிறது. ஜேவிஎம் 450ஐ முதல் நிமிடத்திலேயே தொடாது. ட்ராஃபிக் வர வர ஹீப் விரியும், ஜேஐடி சூடாகி கோட் கேஷ் வளரும், இரண்டும் சேர்ந்து 512ஐத் தொட்ட நொடியில் கெர்னல் வருகிறது.

ஊகித்துக்கொண்டிருக்க வேண்டாம், அளந்து பாருங்கள். ஜேவிஎம்மின் மெமரியைக் கணக்கெடுக்கும் நேட்டிவ் மெமரி ட்ராக்கிங்கை சம்மரி நிலையில் போட்டு செயலியைக் கிளப்புங்கள், அப்புறம் கன்டெய்னருக்குள் போய் ஜேசிஎம்டி என்ற கமாண்ட் கொண்டு விஎம்.நேட்டிவ்_மெமரி கேளுங்கள். ஹீப், கிளாஸ், த்ரெட், கோட், ஜிசி (கார்பேஜ் கலெக்டர்) என்று வரி வரியாக இரண்டு எண்கள் வரும்: ரிசர்வ்ட், கமிட்டட். ரிசர்வ்டைப் பார்த்துப் பதற வேண்டாம், கோட் கேஷுக்கு மட்டும் 240 எம்பி என்று நிற்கும், அது வெறும் முகவரி இடம். கமிட்டட் பத்தியைக் கூட்டிப் பாருங்கள். அளந்து முடித்ததும் அந்த ஆப்ஷனை எடுத்துவிடுங்கள், வேகத்தில் 5 முதல் 10 சதவீதம் தின்னும்.

பிப்ரவரி 10, மதியம்

ஒருவர் "எக்ஸ்எம்எக்ஸை விட்டுவிட்டு மேக்ஸ்ராம்பர்சன்டேஜ் 75 போடுங்கள், எல்லா இடத்திலும் அதைத்தான் சொல்கிறார்கள்" என்று எழுதியிருக்கிறார். எல்லா இடத்திலும் சொல்வது வாஸ்தவம்தான். அது ஹீப்பின் மேல்வரம்பை மெமரியில் இத்தனை சதவீதம் என்று சொல்லும் ஆப்ஷன், கணக்குப் போட்டுப் பாருங்கள். 4 ஜிபி கன்டெய்னரில் 75 சதவீதம் என்றால் ஹீப் 3 ஜிபி, வெளியே 1 ஜிபி, தாராளம். 512இல் அதே 75 என்றால் ஹீப் 384, வெளியே 128. மறுபடியும் 137. ஹீப்புக்கு வெளியே ஆகும் செலவு கன்டெய்னரின் அளவோடு வளர்வதில்லை, செயலியில் எத்தனை கிளாஸ், எத்தனை த்ரெட் என்பதைப் பொறுத்தது. சின்னப் பெட்டியில் 50ஐச் சுற்றி ஆரம்பித்து அளந்து ஏற்றுவதுதான் சரி. பக்கத்திலேயே மின்ராம்பர்சன்டேஜ் என்று ஒன்று இருக்கும், அதை குறைந்தபட்ச ஹீப் என்று எண்ணிப் போடாதீர்கள், அது மிகச் சிறிய மெமரி உள்ள இடங்களுக்கான மேல்வரம்பு.

பிப்ரவரி 10, இரவு 11 மணி

காலையில் "ஒவ்வொரு த்ரெட்டின் ஸ்டாக்" என்று போகிற போக்கில் எழுதினேன், அதைப் பிடித்துக்கொண்டு ஒருவர் ஸ்பிரிங் பூட்டுக்குள் இருக்கும் வெப் சர்வரான டாம்கேட்டின் 200 த்ரெட்டை 1 எம்பியால் பெருக்கி 200 எம்பி என்கிறார். அப்படியில்லை. 64 பிட் லினக்ஸில் ஸ்டாக்குக்கு 1 எம்பி என்பது ஒதுக்கீடு. த்ரெட் உண்மையில் தொட்ட மெமரிப் பக்கங்கள் மட்டும்தான் கன்டெய்னர் கணக்கில் ஏறும். தவிர 200 என்பது உச்சவரம்பு, ட்ராஃபிக் இல்லாதபோது டாம்கேட் 10 த்ரெட்டோடு சும்மா உட்கார்ந்திருக்கும். த்ரெட்டைக் குறைப்பது நல்லதுதான், ஆனால் 512இல் முதலில் கை வைக்க வேண்டிய இடம் அது இல்லை.

கமிட்டட் எல்லாம் கூட்டியும் கன்டெய்னர் காட்டும் எண் அதைவிட அதிகமாக இருக்கிறதா? லினக்ஸின் அடிப்படை சி லைப்ரரியான ஜிலிப்சியில் மெமரி ஒதுக்கும் மாலக் மீது கண் வையுங்கள். 64 பிட்டில் அது சிபியுவின் ஒரு கோருக்கு 8 அரீனா (மெமரித் தொட்டி) வரை திறந்து வைத்துக்கொள்ளும், விடுவித்த மெமரி அங்கங்கே சிதறிக் கிடக்கும், ஜேவிஎம்முக்கு அது தெரியவே தெரியாது. மாலக்_அரீனா_மேக்ஸ் என்ற என்விரான்மென்ட் வேரியபிளை 2 என்று வைத்துப் பாருங்கள். சில செயலிகளில் கண்கூடாக இறங்கும், சிலவற்றில் ஒன்றும் ஆகாது.

பிப்ரவரி 11

ஜாவா எந்தப் பதிப்பு என்று கேட்க மறந்துபோனது. 17 என்கிறார், நல்லது.

இன்னும் ஜாவா 8இல் இருப்பவர்களுக்கு: 2018 அக்டோபரில் வந்த 8யு191க்கு முந்தைய பதிப்பென்றால், கன்டெய்னர் வரம்பு ஒன்று இருப்பதே அதற்குத் தானாகத் தெரியாது. அடியில் இருக்கும் 64 ஜிபி இயந்திரத்தைப் பார்த்துவிட்டு "ஆஹா, எனக்கு 16 ஜிபி ஹீப்" என்று கிளம்பும். ஜேடிகே (ஜாவாவின் டெவலப்பர் தொகுப்பு) 10இல் வந்த கன்டெய்னர் சப்போர்ட்டைத்தான் 8யு191க்குக் கொண்டுவந்தார்கள்.

அத்தோடு முடிந்தது என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தபோது கன்டெய்னர் வரம்புகளை வைக்கும் லினக்ஸ் ஏற்பாடான சிகுரூப்பின் இரண்டாம் பதிப்பு வந்தது. அதைப் படிக்கத் தெரிந்தது ஜேடிகே 15 முதல், பிறகு 11.0.16க்கும் 8யு372க்கும் கொண்டுவந்தார்கள். நான் வேலை செய்த ஒரு இடத்தில் இது அழகாக மாட்டியது. எங்கள் கோடில் ஒரு வரி மாறவில்லை, இமேஜ் (செயலியும் ஜாவாவும் சேர்ந்த கன்டெய்னர் மூட்டை) மாறவில்லை, கான்ஃபிக் மாறவில்லை. தளத்துக்காரர்கள் அடியில் இருந்த லினக்ஸை மட்டும் புதுப்பித்தார்கள், மறுநாள் முதல் செயலிகள் வரிசையாக 137. இமேஜில் இருந்தது பழைய 11. புது லினக்ஸில் வரம்பு எழுதியிருக்கும் கோப்பு வேறு இடத்தில், வேறு பெயரில். ஜேவிஎம் பழைய இடத்தில் தேடியது, கிடைக்கவில்லை, இயந்திரம் முழுவதும் தன்னுடையது என்று முடிவு செய்தது. ஆளாளுக்கு மெமரி லீக்கைத் தேடிக்கொண்டிருந்தோம்.

சந்தேகம் வந்தால் கன்டெய்னருக்குள் போய் ஜாவா கமாண்டோடு எக்ஸ்ஷோசெட்டிங்ஸ் சிஸ்டம் என்று கொடுங்கள். எந்த சிகுரூப், எவ்வளவு மெமரி, எத்தனை சிபியு என்று ஜேவிஎம் தன் வாயாலேயே சொல்லும். அங்கே மெமரி லிமிட் "அன்லிமிடெட்" என்று வந்தால் மற்ற எல்லா ட்யூனிங்கும் வீண்.

பிப்ரவரி 11, கொஞ்சம் கழித்து

ஜி1 என்ற கார்பேஜ் கலெக்டரைப் போட்டால் சரியாகுமா என்று கேட்டவருக்கு: ஆகாது, மெமரிச் செலவு கூடும். இப்போது பரவலாகப் புழங்கும் பதிப்புகளில், 2 சிபியுவுக்குக் குறைவாகவோ 1792 எம்பிக்குக் குறைவாகவோ கிடைத்தால் ஜேவிஎம் தானே சீரியல் ஜிசி என்ற எளிய கலெக்டரைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளும். 512க்கு அதுவே சரியான தேர்வு, ஜி1இன் கணக்கு அட்டவணைகளுக்கு இங்கே இடம் கிடையாது.

பிப்ரவரி 12

கேள்வி கேட்டவர் ஹீப்பை 256க்கு இறக்கிவிட்டார், ஓடுகிறதாம். "அப்படியென்றால் தளத்தின் மீது தப்பில்லை, ஆனாலும் எனக்கு எரிச்சல் போகவில்லை, இதையெல்லாம் நான்தான் பார்க்க வேண்டுமென்றால் அப்புறம் என்ன மேனேஜ்டு?" என்கிறார். நியாயமான கேள்வி, அதைத் தனியாக எழுதுகிறேன்.

அதற்குள் இன்னொருவர்: அமேசானின் மேனேஜ்டு தளமான பீன்ஸ்டாக்கில் செயலி டிப்ளாய் ஆகிறது (ஏற்றப்படுகிறது), லாகில் "ஸ்டார்ட்டட்" என்று வருகிறது, பிரவுசரில் 502 (முன்னால் நிற்கும் சர்வருக்குச் செயலியிடமிருந்து சரியான பதில் இல்லை). இது ரொம்பப் பழைய கதை. அங்கே ஜாவா எஸ்இ பிளாட்ஃபார்மில் முன்னால் நிற்கும் எஞ்சின்எக்ஸ் என்ற வெப் சர்வர் உங்கள் செயலியை 5000ஆம் போர்ட்டில் தேடும், ஸ்பிரிங் பூட் 8080இல் காத்திருக்கும். இருவரும் சந்திக்கவே மாட்டார்கள். சர்வர்_போர்ட் என்ற வேரியபிளை 5000 ஆக்குங்கள். ஹெரோகு, கூகுளின் கிளவுட் ரன் ஆகிய தளங்களிலும் போர்ட் எண்ணைத் தளமே போர்ட் என்ற வேரியபிளில் தரும், அதைப் படித்து அங்கேதான் திறக்க வேண்டும். ஹெரோகுவில் 60 நொடிக்குள் திறக்காவிட்டால் ஆர்10 என்ற பிழை எண்ணைச் சொல்லிக் கொன்றுவிடும். லோக்கல்ஹோஸ்டில் மட்டும் திறந்து வைத்துவிட்டு "போர்ட் சரியாகத்தானே இருக்கிறது" என்று தலையைச் சொறிபவர்களும் உண்டு, 0.0.0.0இல், அதாவது எல்லா முகவரிகளிலும், திறக்க வேண்டும்.

பிப்ரவரி 14

மேனேஜ்டு என்ற சங்கதி. நான் பார்த்தவரை இந்தத் தளங்களுக்கும் உங்கள் செயலிக்கும் நடுவில் பேச்சுவார்த்தை மூன்றே விஷயங்களில்: ஒரு போர்ட், ஒரு மெமரி எண், ஒரு சிக்னல். லினக்ஸ் பேட்ச், சர்டிஃபிகேட், லோட் பேலன்ஸர், செத்தால் மறுபடி எழுப்புவது எல்லாம் அவர்கள் பாடு. அந்த எண்ணுக்குள் ஜேவிஎம் எப்படிக் குடித்தனம் நடத்துகிறது என்பதில் அவர்கள் பெரும்பாலும் தலையிடுவதில்லை. அவர்களைப் பொறுத்தவரை உள்ளே ஓடுவது ஜாவாவா பைத்தானா என்பதெல்லாம் தெரியாத ஒரு ப்ராசஸ்.

ஒரு காலத்தில் தலையிட்டார்கள். கூகுள் ஆப் எஞ்சின் 2008இல் பைத்தானோடு வந்தது, 2009இல் ஜாவா சேர்ந்தது. அந்த ஆரம்ப கால ஜாவாவில் டிஸ்கில் எழுத முடியாது, த்ரெட் தொடங்க முடியாது, ஜாவாவோடு வரும் ஜேஆர்இயின் கிளாஸ்களிலேயே அனுமதிப் பட்டியலில் இருப்பதை மட்டும்தான் தொடலாம், ஒவ்வொரு ரிக்வெஸ்ட்டும் அரை நிமிடத்துக்குள் முடிய வேண்டும். பாதி லைப்ரரிகள் ஏறவே ஏறாது. எல்லோரும் திட்டினார்கள். 2017இல் ஜாவா 8 ரன்டைம் வந்தபோதுதான் அந்த கிளாஸ் பட்டியல் ஒழிந்தது. பட்டியலைத் திட்டியது சரி, டிஸ்க் விஷயத்தில் அவர்கள் பிடிவாதம்தான் ஜெயித்தது. இன்றைக்குப் பெரும்பாலான தளங்கள் அனுமதிக்கின்றன, ஆனால் நீங்கள் எழுதிய கோப்பு அடுத்த ரீஸ்டார்ட்டில் பெரும்பாலும் இருக்காது. தடுத்தால் உடனே தெரியும். அனுமதித்துவிட்டு அழித்தால் யாரோ ஒரு பயனரின் அப்லோட் காணாமல் போகும்போதுதான் தெரியும். எனக்கு முதலாவதே மேல் என்று தோன்றுகிறது.

ஜாவாவின் பழக்கவழக்கம் வேறு. அப்ளிகேஷன் சர்வரை ஒரு தடவை கிளப்பினால் மாதக்கணக்கில் ஓடும், கிளப்ப ஐந்து நிமிடம் ஆனாலும் கவலையில்லை, மெமரியைப் பிடித்தால் திருப்பித் தரத் தேவையில்லை என்ற உலகத்தில் வளர்ந்தது அது. இந்தத் தளங்கள் நினைத்த நேரத்தில் கொன்று நினைத்த நேரத்தில் எழுப்பும். ஹெரோகு ஒவ்வொரு டைனோவையும் (அங்கே கன்டெய்னருக்கு அதுதான் பெயர்) நாளுக்கு ஒரு முறையாவது ரீஸ்டார்ட் செய்யும், டிப்ளாய் செய்தாலும் செய்யாவிட்டாலும். எனவே தொல்லை ஜாவா மொழியில் இல்லை. சாகவே மாட்டோம் என்று நினைத்து எழுதப்பட்ட செயலியை அடிக்கடி சாகும் இடத்தில் வைக்கிறோம், அங்கேதான் உரசல்.

பிப்ரவரி 14, இரவு

சாவது பற்றியே இன்னும் கொஞ்சம். தளமே ஒரு செயலியை நிறுத்தும்போது எடுத்த எடுப்பில் சிக்கில் அனுப்பாது, முதலில் சிக்டெர்ம் வரும், "முடித்துக்கொள்" என்று. ஹெரோகுவில் 30 நொடி அவகாசம், கிளவுட் ரன்னில் 10. அதற்குள் கையில் இருக்கும் ரிக்வெஸ்ட்களை முடித்து, கனெக்‌ஷன்களை மூடி, வெளியேற வேண்டும்.

இதில் நான் மறுபடி மறுபடி பார்ப்பது ஒன்று. இமேஜை எப்படிக் கட்டுவது என்று சொல்லும் டாக்கர்ஃபைலில், முதலில் ஓடும் கமாண்டான என்ட்ரிபாயின்ட்டை சதுர அடைப்புக்குறி இல்லாமல் நேராக ஒரு வரியாக எழுதியிருப்பார்கள், அல்லது ஒரு ஷெல் ஸ்கிரிப்ட்டுக்குள் ஜாவா கமாண்ட் இருக்கும். அப்போது கன்டெய்னரின் முதல் ப்ராசஸ் ஷெல்லாகவும், ஜாவா அதன் பிள்ளையாகவும் ஆகிவிடலாம். சிக்டெர்ம் ஷெல்லுக்கு வரும். ஷெல் அதை ஜாவாவுக்குச் சொல்லாது, வாங்கி வைத்துக்கொள்ளும். அவகாசம் தீரும், சிக்கில் வரும், எல்லாம் போகும். ஸ்பிரிங்கின் ஷட்டவுன் ஹூக் (மூடும்போது ஓடும் கோட்) ஒரு தடவைகூட ஓடியிருக்காது. எப்படிக் கண்டுபிடிப்பது? டிப்ளாய் செய்யும்போது பழைய இன்ஸ்டன்ஸின் (ஓடும் செயலியின் ஒரு நகலின்) லாகின் கடைசி வரிகளைப் பாருங்கள். டேட்டாபேஸ் இணைப்புகளைப் பார்த்துக்கொள்ளும் ஹிகாரி "ஷட்டவுன் கம்ப்ளீட்டட்" என்று எழுதிவிட்டுப் போயிருந்தால் சரி. ஏதோ ஒரு ரிக்வெஸ்ட்டின் நடுவில் லாக் அறுந்து நின்றால் சிக்னல் போய்ச் சேரவில்லை. ஸ்கிரிப்ட்டில் ஜாவாவுக்கு முன்னால் எக்ஸெக் என்ற ஒரே ஒரு வார்த்தை, அவ்வளவுதான் சிகிச்சை.

சிக்னல் வந்து சேர்ந்தாலும் ஸ்பிரிங் பூட் 2.3க்கு முன் ஓடிக்கொண்டிருக்கும் ரிக்வெஸ்ட்களுக்காகக் காத்திருக்கும் வசதியே உள்ளே கிடையாது. 2.3இல் சர்வர்.ஷட்டவுன் என்பதை கிரேஸ்ஃபுல் என்று வைத்தால் காத்திருக்கும், 3.4 முதல் அதுவே இயல்பு நிலை. காத்திருக்கும் நேரம் சும்மா விட்டால் 30 நொடி. 10 நொடிதான் தரும் தளத்தில் 30 நொடி காத்திருக்கத் திட்டமிட்டு என்ன பயன், 8 என்று குறைத்து வையுங்கள்.

பிப்ரவரி 15

"சிக்கில் வந்தால் ஹீப் டம்ப் (ஹீப்பின் முழுப் பிரதி) எடுக்க முடியுமா?" முடியாது. செத்தவர் மரண வாக்குமூலம் எழுத மாட்டார். அவுட்ஆஃப்மெமரிஎரர் வகைக்கு மட்டும் எடுக்கலாம். அதிலும் ஒரு கூத்து: கிளவுட் ரன்னில் கன்டெய்னருக்குள் எழுதும் கோப்பு மெமரி கணக்கிலேயே ஏறும். மெமரி போதவில்லை என்று டம்ப் எழுதப்போய், அந்த டம்ப்பே மிச்சமிருந்ததையும் தின்னும். வெளி ஸ்டோரேஜை மவுன்ட் செய்து அங்கே எழுதவும். எக்ஸிட்ஆன்அவுட்ஆஃப்மெமரிஎரர் ஆப்ஷனையும் போட்டு வையுங்கள், பாதி த்ரெட் செத்து மீதி உயிரோடு இழுத்துக்கொண்டிருக்கும் ஜேவிஎம்மை விட செத்து எழுந்த ஜேவிஎம் எவ்வளவோ மேல்.

பிப்ரவரி 17

கேள்வி கேட்டவருக்கு ட்ராஃபிக் கூடிவிட்டதாம், இன்ஸ்டன்ஸை 6 ஆக்கியிருக்கிறார். இப்போது புது வியாதி: சாதாரண நேரத்தில் ஒன்றுமில்லை, டிப்ளாய் செய்யும்போது மட்டும் டேட்டாபேஸான போஸ்ட்கிரஸ் "சாரி, டூ மெனி கிளையன்ட்ஸ் ஆல்ரெடி" என்கிறது. இவ்வளவு மரியாதையாகக் கதவைச் சாத்தும் மென்பொருள் வேறு நான் பார்த்ததில்லை.

ஹிகாரியின் பூல் (தயாராகத் திறந்து வைக்கும் இணைப்புகள்) அளவு நீங்கள் எதுவும் சொல்லாவிட்டால் 10. ஆறு இன்ஸ்டன்ஸ், 60. போஸ்ட்கிரஸ் சும்மா விட்டால் 100 தரும், அதிலும் 3 சூப்பர்யூசருக்கு. 60 அதற்குள் அடங்கும். ஆனால் டிப்ளாய் நேரத்தில் பழைய ஆறு இன்னும் போகவில்லை, புதிய ஆறு வந்துவிட்டது, ஆக மொத்தம் 120. புதியவை பூலை நிரப்ப முடியாமல், உயிரோடு இருக்கிறதா என்று தளம் பார்க்கும் ஹெல்த் செக்கில் தோற்கும், தளம் அவற்றைக் கொன்று மறுபடி எழுப்பும், அவை மறுபடி போஸ்ட்கிரஸின் கதவைத் தட்டும். ஒரு சாதா டிப்ளாய் இப்படித்தான் அரை மணி நேரத் தலைவலி ஆகிறது.

பூலை 5 ஆக்குங்கள், டிப்ளாய் நேரத்திலும் 60தான். 5 போதுமா என்று பயப்படுகிறார்கள். ஒரு குவெரி 5 மில்லிசெகண்டில் முடிந்தால் ஒரு கனெக்‌ஷனே நொடிக்கு 200 குவெரி ஓட்டும். போதவில்லை என்றால் பெரும்பாலும் குவெரி மெதுவாக இருக்கிறது, அல்லது டிரான்ஸாக்‌ஷனைத் திறந்து வைத்துக்கொண்டு நடுவில் யாரோ வெளி ஏபிஐயைக் கூப்பிட்டுக் காத்திருக்கிறார்கள். பூலைப் பெருக்குவது அந்த ஆளை மறைத்து வைக்கும் வேலை. இன்ஸ்டன்ஸ் இருபது முப்பது என்று போகும் என்றால் நடுவில் இணைப்புகளைப் பகிர்ந்து தரும் பிஜிபவுன்ஸர் வைக்க வேண்டியதுதான்.

பிப்ரவரி 17, சற்று நேரம் கழித்து

ஆறு இன்ஸ்டன்ஸ் என்றதும் நினைவு வந்தது, ஷெட்யூல்ட் அனொடேஷன் (குறித்த நேரத்தில் வேலையை ஓட்டச் சொல்லும் குறி) ஏதாவது இருக்கிறதா? இருந்தால் அந்த வேலை ஆறு தடவை ஓடுகிறது. தினசரி மெயில் போகும் செயலி என்றால் பயனருக்கு ஆறு மெயில். ஷெட்லாக் மாதிரி டேட்டாபேஸில் பூட்டு போடும் லைப்ரரி வைத்துக்கொள்ளுங்கள், அல்லது தளத்தின் ஷெட்யூலரிலிருந்து ஒரு யுஆர்எல்லைத் தட்டச் சொல்லுங்கள். கிளவுட் ரன்னில் ரிக்வெஸ்ட் அடிப்படையிலான பில்லிங்கில் இருந்தால் எதிர்மாறான தொல்லை: ரிக்வெஸ்ட் இல்லாத நேரத்தில் சிபியுவே கிட்டத்தட்ட கிடைக்காது, நள்ளிரவு வேலை நள்ளிரவில் ஓடும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

யார் லாகின் செய்திருக்கிறார்கள் என்ற செஷனை மெமரியில் வைத்திருந்தால் அதையும் வெளியே தள்ளுங்கள், இல்லாவிட்டால் ஒவ்வொரு டிப்ளாய்க்கும் எல்லோரும் லாக் அவுட்.

பிப்ரவரி 20

நேட்டிவ் இமேஜ் பற்றி நான்கைந்து பேர் கேட்டுவிட்டார்கள். கிரால்விஎம் கொண்டு முன்கூட்டியே கம்பைல் செய்தால் செயலி நொடிக்குள் எழும், மெமரியும் கணிசமாகக் குறையும், இரண்டும் உண்மை. ஸ்பிரிங் பூட் 3 முதல் நேரடியாகவே ஆதரவு உண்டு. ஆனால் பில்டுக்குச் சில நிமிடங்களும் சில ஜிபி மெமரியும் கொடுக்க வேண்டும், ரிஃப்ளெக்‌ஷன் (கிளாஸ்களை ஓடும்போது பெயரால் தேடுவது) பயன்படுத்தும் லைப்ரரிகளுக்கு எது எது வேண்டும் என்று முன்னாலேயே சொல்லி வைக்க வேண்டும், சொல்லாததை பில்டு கண்டுபிடிக்காது, ஓடும்போதுதான் வெடிக்கும். பழகிய டீபக் கருவிகளில் பலவும் கை கொடுக்காது. பூஜ்ஜியத்துக்கு இறங்கி ரிக்வெஸ்ட் வந்ததும் எழும் சின்னச் சின்ன சர்வீஸ்களுக்குத் தாராளமாகச் செய்யலாம். எப்போதும் இரண்டு இன்ஸ்டன்ஸ் ஓடிக்கொண்டே இருக்கும் ஒரு பெரிய பழைய செயலிக்கு, வருடத்தில் சில நூறு ரீஸ்டார்ட்டுக்காக இவ்வளவு பாடா?

அதற்கு முன் மலிவான வழிகள் இருக்கின்றன. கிளாஸ் டேட்டா ஷேரிங் (ஏற்றிய கிளாஸ்களைச் சேமித்து வைப்பது), ஜேடிகே 13 முதல் செயலி முடியும்போதே ஆர்கைவ் எழுதச் சொல்லலாம், அடுத்த தடவை கிளாஸ்களைப் பிரித்து மேய்ந்து சரிபார்க்கும் வேலை மிச்சம். ஜேடிகே 24இல் ஏஓடி கேஷ் என்று இதையே இன்னும் ஒரு படி கொண்டுபோயிருக்கிறார்கள். கோடில் ஒரு வரி மாற்ற வேண்டியதில்லை.

அதற்கும் முன்னால் சிபியுவைப் பாருங்கள். லேப்டாப்பில் 4 நொடியில் எழுகிறது, தளத்தில் 40 என்றால் ஜாவாவில் ஒன்றும் மாறவில்லை, அங்கே எட்டு கோர், இங்கே அரை கோர். ஸ்டார்ட்டப்பில் ஜேஐடி த்ரெட்களும் கிளாஸ் லோடிங்கும் அந்த அரை கோருக்கு அடித்துக்கொள்ளும். கிளவுட் ரன்னில் ஸ்டார்ட்டப் சிபியு பூஸ்ட் என்று ஒன்று உண்டு, எழும் நேரத்துக்கு மட்டும் கூடுதல் சிபியு. ஒரு டிக் போட்டால் போதும். அமேசானின் லாம்ப்டாவில் ஓட்டுபவர்களுக்கு ஸ்னாப்ஸ்டார்ட் 2022 நவம்பரில் வந்தது: கிளப்பி முடித்த ஜேவிஎம்மைப் படம்பிடித்து வைத்து அதிலிருந்து எழுப்பும். படம் பிடித்த நேரத்தில் திறந்திருந்த டேட்டாபேஸ் கனெக்‌ஷன் எழுந்த பிறகு உயிரோடு இருக்காது, அதை மட்டும் கவனிக்க வேண்டும்.

பிப்ரவரி 21

"கடைசியில் விஎம்மா தளமா, ஒரே வரியில் சொல்லுங்கள்."

ஒரு வரியில் அடங்காது. பத்து இருபது ஜிபி ஹீப்பில் கேஷ் வைத்துக்கொண்டு அதை நிரப்பவே கால் மணி நேரம் ஆகும் செயலி, மணிக்கணக்கில் ஓடும் தொகுதி வேலை, லோக்கல் டிஸ்கில் லூசின் தேடல் இண்டெக்ஸ், இவை விஎம்மிலேயே இருக்கட்டும். சாதாரண வெப் செயலி, டேட்டாபேஸ் வெளியே, நிலை எதையும் தன்னிடம் வைத்துக்கொள்ளாதது என்றால் தளம்தான், அதில் எனக்குத் தயக்கமே இல்லை. விஎம் எடுத்தால் 137 வராது என்பது பாதி உண்மை. அங்கே ஸ்வாப் (மெமரி போதாதபோது டிஸ்கில் ஒதுக்கும் இடம்) இருக்கலாம், தேவைக்கு மேல் மெமரி இருக்கும், அதே செயலி அதே மெமரியைத் தின்னும், தின்பது உங்களுக்குத் தெரியாது, அவ்வளவுதான். அப்புறம் அந்த லினக்ஸை யார் பேட்ச் செய்வது? முதல் மாதம் செய்வீர்கள்.

பிப்ரவரி 23

தலைப்பை விட்டு விலகினாலும் தமிழில் எழுதும் நம் எல்லோருக்கும் இது வரும். ஒருவர் லேப்டாப்பில் சரியாக வரும் சிஎஸ்வி கோப்பில், கிளவுடில் மட்டும் தமிழ்ப் பெயர்கள் எல்லாம் கேள்விக்குறிகளாக வருகின்றன என்கிறார். ஜாவா 11.

சின்ன பேஸ் இமேஜ்களில் லொகேல் (மொழி அமைப்பு) எதுவும் வைத்திருக்க மாட்டார்கள், போசிக்ஸ் என்று இருக்கும். பழைய ஜாவா அதைப் பார்த்து ஆஸ்கியை இயல்பு என்கோடிங்காக எடுக்கும், ஃபைல்ரைட்டரில் என்கோடிங் சொல்லாமல் எழுதினால் ஒவ்வொரு தமிழ் எழுத்தும் கேள்விக்குறி. ஜேடிகே 18 முதல் எங்கே ஓடினாலும் இயல்பு யுடிஎஃப்-8தான். 18க்கு முன் என்றால் ஃபைல்.என்கோடிங்கை யுடிஎஃப்-8 என்று ஜாவா_டூல்_ஆப்ஷன்ஸில் கொடுங்கள், அல்லது கோடில் ஒவ்வொரு இடத்திலும் வெளிப்படையாகச் சொல்லுங்கள், இரண்டாவதுதான் நல்ல பழக்கம். ஏற்கெனவே கேள்விக்குறியாக எழுதிவிட்ட கோப்பு போனதுதான், மூலத் தரவிலிருந்து மறுபடி எடுக்க வேண்டும்.

பிடிஎஃப்பில் எழுத்துக்குப் பதில் கட்டம் வந்தால் அது என்கோடிங் இல்லை, இமேஜில் தமிழ் எழுத்துரு இல்லை. எழுத்துருவை ஜாருக்குள்ளேயே வைத்து ஏற்றுங்கள். எக்ஸெல் எழுதும்போது பிஓஐ என்ற லைப்ரரியில் ஆட்டோசைஸ் காலம் கூப்பிட்ட இடத்தில் ஃபான்ட்கான்ஃபிகரேஷன் என்று எக்ஸெப்ஷன் விழுந்தால் ஃபான்ட்கான்ஃபிக் பாக்கேஜே இமேஜில் இல்லை. ஆல்பைன் என்ற சின்ன லினக்ஸில் இது அடிக்கடி நடக்கும், டாக்கர்ஃபைலில் அந்தப் பாக்கேஜையும் ஏதாவது ஒரு எழுத்துருவையும் சேர்த்தால் தீர்ந்தது.